வீட்டுக்குள் தலைவர் பாட்டு

லிஃப்ட் மெக்கானிக்குக் கால் உடைந்து மாவுக்கட்டு போட்டிருந்தார்கள். "இந்தக் காலை ஊன்றினா எலும்பு விலகிடும். அப்புறம் ஆயுசுக்கும் நொண்டிதான்," என்று டாக்டர் சொல்லிவிட்டார். நொண்டிக்கு லிஃப்ட் குழிக்குள் என்ன வேலை? பிழைப்பே போய்விடும்.

ஆனால் தினமும் சாயங்காலம் தெருமுனை ஒலிபெருக்கியில் நாட்டுத் தலைவரைப் புகழும் பாட்டு வருமே! காதில் விழுந்தவர்கள் எழுந்து நிற்க வேண்டும், நிற்கவில்லை என்று யாராவது புகார் கொடுத்தால் ஜெயில் என்பது சட்டம். சாத்திய கதவுக்குள் யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்று கேட்காதீர்கள். மாமியார் இருக்கிறாரே! மகள் மில்லுக்குப் போய்விடுவதால் மாப்பிள்ளையைக் கவனிக்க வந்த புண்ணியவதி. பாட்டு தொடங்கியதும் சமையலறையில் கரண்டியும் கையுமாக விறைத்து நிற்பார். அதைப் பார்த்த பிறகும் கட்டிலில் கிடக்க இவருக்கென்ன பைத்தியமா? மேசையைப் பிடித்து, பல்லைக் கடித்து, ஒற்றைக்காலில் நிற்பார்.

ஒருநாள் மேசை நகர்ந்துவிட்டது. தடாலென்று விழுந்தவரை மாமியார் ஓடிவந்து தூக்கினார். நல்லவேளை, கட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"இந்தக் காலை வச்சுக்கிட்டு ஏன் மாப்பிள்ளை எந்திரிக்கிறீங்க?"

"நீங்க நிக்கிறீங்களே அத்தை!"

"அட கடவுளே! நீங்க நிக்கிறீங்கன்னுல்ல நான் நிக்கிறேன்? எனக்கு மட்டும் முட்டி என்ன இரும்பா?"

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். "அந்தப் பாட்டும் அவன் மூஞ்சியும்!" என்று மாமியார் சொல்ல, "கழுதைகூட இதைவிட நல்லாக் கத்தும்," என்றார் இவர். நாளை முதல் உட்கார்ந்தே இருப்பது என்று பேசி முடித்தார்கள். இந்த மகராசியைப் போய்த் தப்பாக நினைத்துவிட்டோமே என்று அவருக்கு நெஞ்சு இளகிப்போனது.

மாமியார் அடுப்படிக்குத் திரும்பிய பிறகுதான் உறைத்தது. அத்தை மூஞ்சியோடு நிறுத்திக்கொண்டார். கழுதை என்றது யார்? போட்டு வாங்கிவிட்டாரோ?

மறுநாள் மாமியாரின் முகமும் பேயறைந்த மாதிரிதான் இருந்தது.

"நேத்துப் பேசினதெல்லாம் சும்மா தமாஷுக்குத்தான் மாப்பிள்ளை."

"எனக்குத் தெரியாதா அத்தை? நானும் தமாஷுக்குத்தான்."

சாயங்காலம் பாட்டு தொடங்கும் முன்பே மாமியார் எழுந்து சல்யூட் அடித்து நின்றார். இவர் பார்த்தார். ஒரு படி மேலே போகாவிட்டால் கழுதைக்கு யார் பதில் சொல்வது? மேசையை விட்டுவிட்டு, இரண்டு காலையும் ஊன்றி, இவரும் சல்யூட் அடித்தார்.

மாவுக்கட்டுக்குள் மளுக்கென்றது. அத்தைக்கும் கேட்டது, முகம் கோணிப்போனது. ஆனால் பாட்டின் நடுவே நகரலாமா?

"பாடுங்க மாப்பிள்ளை," என்றார், கண்ணீர் வழிய, கையை இறக்காமல்.

இவர் உரக்கப் பாடினார்.