ஆர். லோகன் ஆற்றை மகன்?

என் கணவர் பத்மநாதன் சோபாவை விட்டு எழும்பியது ஓர் இனிஷலால்தான்.

1995ஆம் ஆண்டு. அவர் வேலை செய்த பிளாஸ்டிக் தொழிற்சாலையை மாசி மாதம் இழுத்து மூடிவிட்டார்கள். கொஞ்ச நாள் விண்ணப்பங்கள் அனுப்பினார். பிறகு சோபாவில் இருந்தார். பிறகு படுத்தார். ஸ்காபரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் எங்கள் அப்பார்ட்மென்டுக்கு யாராவது வந்தால் எழும்பி இருப்பார், அவர்கள் போனதும் சரிவார். நாலு பேர் கதைக்கிற இடத்தில் ஐந்தாவது ஆளாகப் புகுந்து, அந்த நாலு பேரையும் வாய் மூட வைக்கிற மனுசன், டெலிபோன் அடித்தால் "நான் இல்லையெண்டு சொல்லும்" என்பார். சண்டை பிடித்துப் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். இந்த மனுசன் இனி எழும்பவேமாட்டாரோ என்று எனக்கு உள்ளுக்குள் பயம் பிடித்துவிட்டது.

வைகாசியில் ஒரு சனிக்கிழமை காலை, பேப்பரின் விளையாட்டுப் பக்கத்தை முகத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு படுத்திருந்தவர் விருட்டென்று எழும்பினார்.

"பேபி, இஞ்சை வாரும். எங்கட பெடியன் ஒருத்தன் பேஸ்போல் விளையாடுறான்."

அவர் காட்டியது மிகச் சிறிய எழுத்தில் அச்சடிக்கிற ஒரு மூலை. எங்கள் நகரத்துப் பேஸ்போல் குழுவான புளூ ஜேய்ஸுக்குக் கீழே சில கிளைக் குழுக்கள் உண்டு. பெரிய குழுவுக்கு எடுக்க முன்னர் ஆட்களை வைத்துப் பழக்குகிற இடங்கள் அவை. அவர்கள் அமெரிக்காவின் சின்னச் சின்ன ஊர்களில் விளையாடிய முடிவுகள் அந்த மூலையில் இருந்தன. பந்து எறிந்தவர்களின் வரிசையில் 'ஆர். லோகன்' என்று ஒரு பெயர்.

"லோகன். இனிஷல் ஆர். அப்ப தேப்பன் ஆர்?"

"ஆர்?"

"இரத்தினவேலர். எங்கட தபால்கந்தோர் இரத்தினவேலர். அவற்றை கடைசிப் பெடியன் லோகநாதன். எண்பத்துமூண்டில ஊரை விட்டு வெளிக்கிட்ட குடும்பம், அமெரிக்காப் பக்கம் எண்டு கேள்வி. இஞ்சத்தை ஆக்கள் பேரை வெட்டுறது தெரியும்தானே. என்ரை பேரைப் பத்மா எண்டு வெட்டி, பொம்பிளையாக்கிக் கடிதம் போடுறாங்கள். லோகநாதனை லோகனாக்க எவ்வளவு நேரம் செல்லும்?"

எனக்கும் அதில் பிழை தெரியவில்லை. இனிஷல் என்றால் தகப்பன் பெயரின் முதல் எழுத்து. அது வேறு என்னவாகவும் இருக்கலாம் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவேயில்லை. அன்று மத்தியானம் அவர் சவரம் செய்து, சப்பாத்துப் போட்டுக்கொண்டு, லோரன்ஸ் வீதியில் அருளண்ணையின் பலசரக்குக் கடைக்குப் புறப்பட்டார்.

அருள்நாயகம் கடைக்காரர் மட்டுமல்ல, எங்கள் ஊர்ச்சங்கத்தின் தலைவரும்கூட. அவருடைய கடையில் ஒரு செய்தியை வைத்தால் பின்னேரத்துக்குள் ஸ்காபரோ முழுக்கப் போய்விடும். எங்கள் சனம் ஒருவரைப் பற்றிக் கேள்விப்பட்டால் முதலில் கேட்பது "ஆற்றை மகன்?", அதாவது யாருடைய பிள்ளை, என்றுதான். அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் போதும், மிச்சத்தைத் தாங்களே நிரப்பிக்கொள்வார்கள். லோகன் மாங்காய்க்குக் கல்லெறிந்தால் காம்பில்தான் படும் என்றார் ஒருவர். அவன் போட்ட பந்தில் விக்கெற் தடி இரண்டாக முறிந்ததைக் கண்ணால் கண்டேன் என்றார் இன்னொருவர். எங்களுக்கு மேல் மாடியில் இருந்த கிளடிஸ் அன்ரிக்கு எங்கள் ஊரே தெரியாது, அவர் மன்னார். அவரும் வள்ளம் ஏறும்போது லோகன் மாதிரியே ஒரு பிள்ளையைக் கண்டதாகச் சொன்னார்.

நான் திரைச்சீலை தைக்கிற தொழிற்சாலையில் வேலை. எங்கள் சூப்பர்வைசர் நியூஃபவுண்ட்லாந்துக்காரி, பேஸ்போல் பைத்தியம். ரேடியோவை ஒரு நாளும் அணைக்கமாட்டாள். புளூ ஜேய்ஸ் இரண்டு வருடம் அடுத்தடுத்து உலக சம்பியன் ஆனதையும், பிறகு சரிந்ததையும் நான் தையல் மெசினுக்கு முன்னால் இருந்துதான் கேட்டேன். அதனால் எனக்குக் கணக்குத் தெரியும்.

"இஞ்சருங்கோ, அவனுக்கு இருபத்தேழு வயசு. அந்தக் குழுவில மற்றதெல்லாம் இருபத்திரண்டு வயசுப் பெடியள். ஒரு முழு ஆட்டம் எறிஞ்சால் அஞ்சு ஓட்டத்துக்கு மேல குடுக்கிறான். பந்தைச் சரியான இடத்தில போடத் தெரியாமல் அடிக்க வாறவனை அடிக்காமலே முதல் நிலைக்குச் சும்மா நடந்து போக விடுறான்."

"சில பேர் பிந்தித்தான் பழுப்பினம்."

"சில பேர் பழுக்கிறதேயில்லை."

"உமக்கு ஒண்டிலயும் நம்பிக்கையில்லை" என்றார்.

உண்மைதான். கலியாண வீட்டுக்குப் புறப்படும்போதும் மழை வரும் என்று சொல்கிற ஆள் நான். எதிர்பார்க்காமல் இருந்தால் ஏமாறத் தேவையில்லை என்பது என் கட்சி. அருளண்ணையின் கடையில் லோகனுக்கு ஊர்ச்சங்கத்தில் ஆயுள் அங்கத்துவம் கொடுக்கலாமா என்று ஆராய்ச்சி நடந்தபோது, அவனை அடுத்த வருடமே வேலையை விட்டு நிற்பாட்டிவிடுவார்கள் என்று சொன்னவளும் நான்தான். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள்.

ஆனால், விடுங்கோ உந்தக் கதையை என்று மட்டும் அவருக்கு நான் சொல்லவில்லை. காலையில் குளித்துவிட்டு லைப்ரரிக்குப் போய் அமெரிக்கப் பேப்பர்களைப் புரட்டினார். கடைக்குப் போய்ச் செய்தி வாசித்தார். டெலிபோன் அடித்தால் எனக்கு முன்னால் ஓடி எடுத்தார். அப்படியே எடுத்துப் பழகி, இரண்டு இடங்களில் வேலைக்கும் கேட்டு வைத்தார். லோகன் எறிகிறானோ இல்லையோ, என் மனுசன் எழும்பி நடக்கிறார். அந்தப் பெடியன் விழுந்தால் இவரும் கூடவே விழுந்துவிடுவார் என்பதுதான் என் கவலையெல்லாம்.

புரட்டாதியில் லோகனைப் பெரிய குழுவுக்குக் கூப்பிட்டார்கள். பேப்பரில் அப்போதும் 'ஆர். லோகன்' என்றுதான் இருந்தது.

செப்ரெம்பர் வந்தால் பெரிய குழுக்கள் கீழே இருந்து கூடுதலாக ஆட்களை எடுக்கலாம். எங்கள் குழு அந்த வருடம் தோற்றுத் தோற்றுக் கடைசியில் கிடந்தது. களைத்துப்போன எறிகாரருக்கு ஓய்வு கொடுக்க யாரோ ஒருவன் தேவைப்பட்டிருக்கிறான், அவ்வளவுதான். நான் இதைச் சொல்லி முடிக்க முன்னர் ஊர்ச்சங்கம் கூட்டம் கூடி, பொன்னாடை போர்த்துவது என்று தீர்மானம் நிறைவேற்றிவிட்டது. ஒரு மஞ்சள் பள்ளிக்கூட பஸ் பிடித்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியான ஆட்டத்துக்கு நாற்பது பேர் போவது. ஏற்பாடு பத்மநாதன். வாழ்த்துமடலில் அருளண்ணை 'எம் மண்ணின் மைந்தன், பந்தெறி மன்னன்' என்று அடித்து வைத்திருந்தார். மன்னன் அதுவரை பெரிய ஆட்டத்தில் ஒரு பந்தும் எறியவில்லை.

"ஒரு இன்னிங்ஸ் எறிஞ்சாலே பெரிய காரியம். எறியாமலே விட்டாலும் விடுவாங்கள். சனத்துக்குச் சொல்லி வையுங்கோ" என்றேன்.

"சொல்லலாம்தான். ஆனா பேபி, என்னைக் கண்டவுடனே சனம் சிரிக்குது. கன காலத்துக்குப் பிறகு" என்றார் அவர்.

நான் ஒரு தாளை எடுத்து, பஸ்ஸில் வருகிறவர்களின் பெயர்களை எழுதத் தொடங்கினேன்.

பஸ்ஸில் அவர் முன்னுக்கு நின்று எல்லோருக்கும் விளையாட்டை விளங்கப்படுத்தினார். "ஒருத்தன் தடியோட வருவான். எங்கட பெடியன் எறிவான். அவன் போயிடுவான். அடுத்தவன் வருவான். அவனும் போயிடுவான்." மல்வேர்னில் இருந்து வந்து ஏறியவர்கள் கைதட்டினார்கள். அருளண்ணை இன்றைக்கே உலகக் கிண்ணம் கொடுப்பார்களா என்று கேட்டார். கிளடிஸ் அன்ரியின் பையில் பொன்னாடையும் அதற்கு மேலே மட்டன் ரோல்ஸும் இருந்தன.

கூரை திறந்திருந்த ஸ்கைடோம் அரங்கில் எங்களுக்கு உச்சியில் இடம். கீழே ஓடுகிறவர்கள் ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. புளூ ஜேய்ஸ் வழமைபோலத் தோற்றுக்கொண்டிருந்தது. ஆறாவது இன்னிங்ஸில் ஆளை மாற்றினார்கள். தூரத்து வேலியில் ஒரு கதவு திறந்து ஒருவன் ஓடி வந்தான். நாற்பது பேரும் எழும்பி நின்றோம்.

"றொபேட் லோகன்" என்று ஒலிபெருக்கி சொன்னது.

அப்படியென்றால் அந்த இனிஷல் தகப்பனுடையது இல்லை. ஆர் என்பது றொபேட்.

"றொபேட்டோ? பிள்ளை வேதத்துக்கு வந்திட்டுது" என்று கிளடிஸ் அன்ரி சந்தோஷப்பட்டு நெற்றியில் சிலுவை போட்டார்.

அப்போதுதான் பெரிய திரையில் அவன் முகம் வந்தது. தொப்பிக்குக் கீழே செம்பட்டை மயிர், செம்பட்டைத் தாடி, கன்னம் முழுக்கப் பொட்டுப் பொட்டாகப் புள்ளிகள், வெயிலில் சிவந்த மூக்கு. எங்கள் வரிசைகளில் ரோல்ஸ் கடிக்கிற சத்தமும் நின்றுபோனது.

"பத்மநாதன், இரத்தினவேலர் நல்ல கறுப்பெல்லோ" என்றார் அருளண்ணை மெதுவாக.

ஒவ்வொரு தலையாக எங்கள் பக்கம் திரும்பியது. என் கணவர் இருக்கையில் அமர்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்தார். அந்தச் சரிவு எனக்கு நன்றாகத் தெரியும். அவனுடைய எறியைப் பற்றி நான் சொன்ன கணக்கில் ஒரு பிழையும் இல்லை, ஆனால் ஆளைப் பற்றி ஒரு கேள்வி கேட்க எனக்குத் தோன்றவில்லையே என்று என் மேலேயே எரிச்சல் வந்தது.

கீழே அந்தப் பாவி எறியத் தொடங்கினான். முதல் ஆளை நடக்கவிட்டான். இரண்டாவது ஆளையும் நடக்கவிட்டான். மூன்றாவது ஆள் அடித்த அடி மதில்வரை போக, முன்னால் நின்ற இரண்டு பேரும் ஓடி முடித்தார்கள். நான்காவது ஆளையும் நடக்கவிட்டான். அரங்கம் ஊளையிடத் தொடங்கியது. எங்களுக்கு முன் வரிசையில் கையில் பியரோடு நின்ற ஒருவன் வாயைக் குவித்துக்கொண்டு, வீட்டுக்குப் போ, வீட்டுக்குப் போ என்று ஆங்கிலத்தில் கத்தினான்.

அந்தச் சொல் என்னைச் சுட்டது. வீட்டுக்குப் போனால் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். அங்கே ஒரு சோபா இருக்கும். வேலையில் நிற்கிற ஒருவனைப் பார்த்து இப்படிக் கத்த உனக்கு எப்படி மனம் வருகிறது என்று அந்தப் பியர்க்காரனின் சட்டையைப் பிடித்துக் கேட்கவேண்டும் போல் இருந்தது. அதற்குள் நான் எழும்பி நின்றுவிட்டேன்.

"தம்பி லோகன், அவசரப்படாதை. ஆறுதலா நிண்டு எறியடா."

பியர்க்காரன் திரும்பிப் பார்த்தான். என் கணவர் என் சேலையைப் பிடித்து இழுத்தார்.

"பேபி, அது எங்கட பெடியன் இல்லை."

"தெரியும். அவனைப் பாக்கத்தானே வந்தனாங்கள். எழும்புங்கோ."

அவர் எழும்ப முன்னர் கிளடிஸ் அன்ரி எழும்பிவிட்டார். "றொபேட் எண்டால் என்ரை பக்கத்துப் பிள்ளை" என்று சொல்லிக்கொண்டே பொன்னாடையை உதறி எடுத்துக் கைப்பிடிக் கம்பிக்கு மேலால் வீசத் தொடங்கினார். அருளண்ணை கொஞ்சம் யோசித்தார். பிறகு, ஆற்றை மகனாக இருந்தால் என்ன, எறியடா ராசா என்று தொண்டை கிழியக் கத்தினார். நாற்பது பேரும் சேர்ந்துவிட்டோம். லோகன், லோகன் என்று நாங்கள் கத்த, பக்கத்துப் பகுதியில் இருந்த பள்ளிக்கூடப் பிள்ளைகளும் காரணம் தெரியாமல் கூடக் கத்தினார்கள். என் கணவரும் நின்றுகொண்டிருந்தார். அவருடைய குரல்தான் எல்லோருடையதிலும் பெரிது.

லோகன் தொப்பியைத் தூக்கி உச்சிப் பக்கம் பார்த்தான். வெயிலில் பளபளத்துக்கொண்டு ஏதோ ஆடுவது மட்டும் அவனுக்குத் தெரிந்திருக்கும். பிறகு எறிந்தான். அடித்தவன் பந்தை நிலத்தோடு அடித்தான், ஒரே அடியில் இரண்டு பேர் ஆட்டமிழந்து வெளியே போனார்கள். அடுத்து வந்தவனுக்கு அவன் எறிந்த கடைசிப் பந்து மெதுவாக, நெஞ்சு உயரத்தில் வந்து, அடிக்கிறவனுக்குக் கிட்ட வந்ததும் முழங்காலுக்கு விழுந்தது. தடி வெறும் காற்றைத்தான் அடித்தது, அவனும் போனான். லோகன் தலையைக் குனிந்துகொண்டு நடந்து போய், உள்ளே இறங்க முன்னர் தொப்பியின் நுனியைத் தொட்டான். எங்களுக்குத்தான் என்று அருளண்ணை அடித்துச் சொன்னார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் ஒரே சிரிப்பு. "இரத்தினவேலற்றை மகன் நல்லா வெளுத்துப்போனான்" என்று யாரோ சொல்ல, என் கணவரே முதலில் சிரித்தார். அருளண்ணை வாழ்த்துமடலைத் தபாலில் அனுப்புவது என்று அங்கேயே தீர்மானம் எடுத்தார், தமிழில் இருந்தால் என்ன, யாராவது வாசித்துக் காட்டுவார்கள் என்றார். மெல்லச் சத்தம் அடங்கியது. என் கணவர் என் பக்கத்தில் வந்து இருந்தார்.

"உம்மடை கணக்குத்தான் சரி. இருபத்தேழு வயசு, எறியில கட்டுப்பாடில்லை. உவன் சரிவரான். வாற மாசமே அனுப்பிப்போடுவாங்கள்" என்றார்.

நான் நாலு மாதமாகச் சொன்னதைத்தான் அவர் சொன்னார். எனக்கு வந்ததே கோபம்.

"ஆர் சொன்னது? அந்தக் கடைசிப் பந்து விழுந்த மாதிரியைக் கண்டனீங்களே? அப்பிடிப் பந்து போடுறவன் சரிவராமல் போவானோ? ஒரு மனுசன் நாலு தரம் பிழைவிட்டால் அதோட முடிஞ்சுதே? இண்டைக்கு எழும்பி நிண்டவன் நாளைக்கும் நிப்பான். வாற வருசம் இருந்து பாருங்கோ."

அவர் என் பக்கம் திரும்பினார்.

"நீர் லோகனைப் பற்றித்தானே கதைக்கிறீர்?"

"இரண்டு பேரையும் பற்றித்தான்" என்றேன்.