பாங்காக் செலவுக்கு முப்பதாயிரம்

நின்றிருந்த சரக்கு ரயிலின் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே கிருஷ்ணப்பன் குனிந்து நுழைந்தார். கொருக்குப்பேட்டை கேட் மூடி முக்கால் மணி நேரம். சட்டைக்குள் முப்பதாயிரம். காதில் போன்.

போனில் மகள் மதி அழுதுகொண்டிருந்தாள். கல்யாணமான மூன்றாவது வாரம், புருஷன் உதயாவோடு பாங்காக் டூர். தெருவே கூடி டாக்ஸி ஏற்றிவிட்டது. இப்போது கார்டிலும் கையிலும் பைசா இல்லையாம். நம்மூர் நேரம் ஆறு மணிக்குள் பாக்கியைக் கட்டாவிட்டால் ஓட்டல்காரன் பாஸ்போர்ட்டைத் தரமாட்டானாம். தண்டையார்பேட்டையில் உதயாவின் தோஸ்து அஜினிடம் ரூபாயைக் கொடுத்தால், அவனுடைய ஆள் அங்கே அந்த ஊர்ப் பணமாக, பாட்டாகக் கொடுத்துவிடுவானாம்.

மணி ஐந்தே கால்.

செலவுக்கென்று தொண்ணூறாயிரம் கொடுத்துத்தான் அனுப்பியிருந்தார். பாதி கார்டில், பாதி கையில், ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். மதியும் தினமும் கணக்கு அனுப்பினாள். இளநீர் எண்பது பாட், படகு நானூறு. அதை ஹார்பரில் கூட வேலை செய்கிறவர்களிடமெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்தார்.

இந்த முப்பதாயிரம் திங்கட்கிழமை மனைவி ரமாபாயின் கண் ஆபரேஷனுக்கு வைத்தது. அவளேதான் எடுத்துக் கொடுத்தாள். "கண்ணு எங்க ஓடிப்பூடப் போவுது? புள்ளயப் பாருய்யா."

"நைனா, எங்க கீற?"

"கேட்டாண்ட தாம்மா. இதோ தாண்டிட்டேன்."

இன்ஜின் ஹாரன் அடித்தது. இரண்டு குட்டை, ஒரு நீளம். பெட்டிகள் குலுங்கின. யாரோ அவர் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டுத் திட்டினார்கள். ரயில் நகர்ந்தது. கேட் திறந்தது. கூட்டம் அவரை இடித்துக்கொண்டு ஓடியது.

கிருஷ்ணப்பன் நின்ற இடத்திலேயே நின்றார்.

"மதி, ரூம்லதான் கீறியா?"

"ஆமா நைனா. ஏழாவது மாடி. வெளியவே உடல."

போனை அணைத்தார். வந்த வழியே திரும்பி நடந்தார்.

பணக்கட்டு அலமாரிக்குத் திரும்பியதைப் பார்த்ததும் ரமாபாய் பிடித்துக்கொண்டாள். தொண்ணூறாயிரம் கொடுத்துவிட்டுக் காலரைத் தூக்கிக்கொண்டு திரிந்த மனுஷனுக்கு, பிள்ளை நடுத்தெருவில் நிற்கும்போது முப்பதுக்குக் கை நடுங்குகிறதா என்றாள். அப்பனா நீ என்றாள். போன் அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. அவர் எடுக்கவில்லை. அவளையும் எடுக்கவிடவில்லை.

வீட்டுக்குப் பின்னால் அடுத்த சரக்கு ரயில் ஹாரன் அடித்தது. தகரக் கதவு அதிர்ந்தது. ரமாபாய்க்கு அது கேட்கவே இல்லை. திட்டுவதை நிறுத்தாமல் தொடர்ந்தாள். தண்டவாளத்து ஓரம் குடியிருக்கிறவர்கள் காதில் அந்தச் சத்தம் ஏறுவதில்லை. மதியும் இதே வீட்டில் பிறந்தவள்தான்.

"கேட்டாண்ட அந்த வண்டி ஹாரன் அடிச்சப்போ எனக்கு ரெண்டு தபா கேட்டுது, ரமா," என்றார் கிருஷ்ணப்பன். "ஒண்ணு இந்தக் காதுல. ஒரு நொடி கழிச்சு, போன்ல."