ஜாலான் புசார் கம்ப்யூட்டரும் ஒரு பாட்டில் தீர்த்தமும்

"தண்ணி மட்டும் ஆகாதுக்கா. மத்தபடி பத்து வருஷம் கண்ண மூடிக்கிட்டு ஓட்டலாம்" என்று ஜாலான் புசார் கடைக்காரர் ஜலாலுதீன் அந்தப் பழைய கம்ப்யூட்டர் பெட்டியின் முதுகில் தட்டினார். ஆடு விற்கிறவர் தட்டுகிற தட்டு.

பிலோமினம்மாள் தட்டலுக்கு மயங்குகிறவள் இல்லை. ஒரு கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாக டைப் அடிப்பவள். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். திரையும் கம்ப்யூட்டரும் ஒரே உடம்பு. தூக்கிச் செல்ல மேலே ஒரு கைப்பிடி. அதன் பக்கத்தில் காற்றுப் போக வரிசையாக ஓட்டைகள். யாரோ ஸ்டிக்கரைக் கிழித்த இடத்தில் பசை இன்னும் பிசுபிசுத்தது.

"முன்னாடி யாரு வச்சிருந்தாங்க?"

"இன்சூரன்ஸ் ஆபீஸ்கா. அவங்க புதுசு வாங்கிட்டாங்க, இத மொத்தமா தள்ளிட்டாங்க. நான் தொறந்து, தூசி தட்டி, ஃபேன் மாத்தி, ஸ்கிரீன சரி பண்ணி வச்சிருக்கேன். ரீகண்டிஷன் லா. புதுசுன்னா மூணு மடங்கு கேப்பான்."

"நடுவுல நின்னு போச்சுன்னா?"

"கொண்டாங்க, பாக்கறேன். ஆனா நாளையிலேர்ந்து பத்து நாள் கடை சாத்திருவேன். பெருநாளுக்கு நாகூர் போறேன். அதுக்குள்ள நின்னா என்னைத் திட்டாதீங்க."

"திட்டறதுக்கு எனக்கு நேரம் இல்ல தம்பி. இது நிக்கவே கூடாது. நின்னா என் வீட்டுக்காரர் வீட்டுல இருக்க முடியாது."

ஜலாலுதீனின் சிரிப்பு பாதியில் நின்றது.

விஷயம் இதுதான். பிலோமினம்மாளின் கணவர் சுவிசேஷமுத்து துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஒன்றரை வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போனது. மிச்சம் நின்றவை நாலைந்து வார்த்தைகள். பிலோமினம்மாள் வேலைக்குப் போகும் நேரத்தில் அடுத்த வீட்டு ரத்தினம்மாதான் அவருக்குக் கஞ்சி ஊட்டி, கை பிடித்துப் பாத்ரூமுக்கு அழைத்துப் போய்ப் பார்த்துக்கொண்டாள். அந்த ரத்தினம்மாவுக்கு பாசிர் ரிஸ்ஸில் புது வீட்டுச் சாவி கிடைத்துவிட்டது. வருகிற புதன்கிழமை வீட்டுச் சாமான் ஏற்ற வண்டி வருகிறது.

புதனுக்குப் பிறகு அவரை யார் பார்ப்பது?

வழி இரண்டுதான். கன்னியாஸ்திரிகள் நடத்தும் நோயாளிகள் இல்லத்தில் ஒரு கட்டில் காலியாக இருந்தது. செவ்வாய் வரை பிடித்து வைப்பதாகச் சொல்லியிருந்தார்கள். இன்னொரு வழி, பிலோமினம்மாள் வேலையை வீட்டுக்கே கொண்டுவருவது. முகவரிப் புத்தகம் அச்சடிக்கும் ஒரு கம்பெனி, சொந்தமாக இந்த மாதிரிப் பெட்டி வைத்திருக்கும் பெண்களுக்கு வீட்டிலேயே வேலை கொடுத்தது. முதலில் ஒரு பரீட்சை. நானூறு பெயர்களை முகவரியோடு அடித்து, திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் ஃபிளாப்பியில் போட்டுக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் நிரந்தர வேலை. அலுவலகத்தில் ஒரு வாரம் லீவு சொல்லிவிட்டுத்தான் இந்தக் கடைப்படி ஏறியிருந்தாள்.

"ஏத்தி விடுங்க தம்பி, டாக்சியில" என்றாள். இன்று வியாழன்.

கேலாங் பாருவில் அவர்கள் வீடு ஐந்தாம் மாடி. லிஃப்ட் நாலில்தான் நிற்கும். டாக்சிக்காரர் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கமாகப் பெட்டியைப் படியேற்றினார்கள். கதவருகே நாற்காலியில் சுவிசேஷமுத்து உட்கார்ந்திருந்தார். பெட்டியைப் பார்த்ததும் முகத்தின் இடது பாதி மலர்ந்தது. உடனே இடது கையை நீட்டி மாதா படத்துக்குக் கீழே இருந்த பாட்டிலைக் காட்டினார்.

ஓஃபிர் ரோடு மாதா கோயிலில் பிடித்து வந்த தீர்த்தம்.

அந்த வீட்டுக்குள் தீர்த்தம் படாமல் எதுவும் நுழைந்ததில்லை. ஃபிரிட்ஜ், தையல் மிஷின், டிவி எல்லாவற்றுக்கும் அவர்தான் முதலில் சிலுவை போட்டு மூன்று முறை தெளிப்பார். துறைமுகத்துக்குப் புதுக் கிரேன் வந்தபோது சீன நண்பர்கள் ஊதுபத்தி கொளுத்தினார்கள், மலாய்க்கார மேஸ்திரி துஆ ஓதினார், இவர் சட்டைப் பையிலிருந்து பாட்டிலை எடுத்தார். "பதினாறு வருஷம். அந்தக் கிரேன்ல ஒரு ஆளுக்கு நகம் பேந்ததில்ல" என்று பேச்சு இருந்த காலத்தில் சொல்லிக்கொண்டே இருப்பார்.

"ஐயோ வேண்டாங்க!" பிலோமினம்மாள் பாட்டிலை மறைத்துக்கொண்டு நின்றாள். "இதுக்குத் தண்ணி ஆகாதாம். கடைக்காரர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு."

அவர் மீண்டும் கையைக் காட்டினார். "தெ... தெளி."

"கரண்டுங்க அது. அப்புறம் பாக்கலாம்."

"சரி" என்றார். ஆனால் அன்று கஞ்சியைப் பாதியிலேயே தள்ளிவிட்டார்.

வெள்ளி முழுக்க அடித்தாள். கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள் வரிசை வரிசையாக ஏறின. ரத்தினம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "யம்மா, டிவியில படமே இல்ல, இதுக்கா இத்தனை காசு?" என்றாள்.

"இந்தப் படம்தான் எங்களுக்குச் சோறு போடப் போவுது, ரத்தினம்மா."

"போடட்டும் போடட்டும். அண்ணன விட்டுட்டுப் போறேனேன்னு எனக்கு நெஞ்சு அடிச்சுக்குது. நீ வீட்டுல இருந்தா நான் நிம்மதியா போவேன் லா."

இருவரும் பேசுவதைச் சுவிசேஷமுத்து கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். இல்லத்தின் கட்டில் விஷயமும் தெரியும். அவள் விரல்கள் ஓடும்போதெல்லாம் அவர் பார்வை திரையிலிருந்து பாட்டிலுக்குப் போகும், பாட்டிலிலிருந்து திரைக்கு வரும்.

சனிக்கிழமை மதியம் இருநூற்று அறுபதாவது பெயரை அடித்து, ஃபிளாப்பியில் பதிந்தாள். வீட்டில் பால் இல்லை. பெட்டியை அணைக்காமலே கீழே கடைக்குப் போனாள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

திரும்பிக் கதவைத் திறந்ததும் மூக்கில் ஏறியது, ரப்பர் கருகும் நாற்றம்.

பெட்டியின் திரை செத்துக் கிடந்தது. மேலே இருந்த ஓட்டைகளிலிருந்து மெல்லிய புகை கசிந்துகொண்டிருந்தது. மேஜையைப் பிடித்தபடி சுவிசேஷமுத்து நின்றிருந்தார். ஒன்றரை வருடத்தில் அவர் தனியாக எழுந்து நின்றது அதுதான் முதல் தடவை. காலடியில் தீர்த்தப் பாட்டில் கவிழ்ந்து கிடந்தது. தரையெல்லாம் ஈரம். கீபோர்டின் ஓரத்தில் இரண்டு மூன்று துளிகள் மினுங்கின.

அவள் கையிலிருந்த பால் பை நழுவியது.

ஓடிப்போய் ஸ்விட்சை அணைத்தாள். போட்டாள். அணைத்தாள். போட்டாள். ஒன்றும் இல்லை.

"ஊத்திட்டீங்களா? அவ்வளவு சொல்லியும் ஊத்திட்டீங்களா?"

அவர் தலையை ஆட்டினார். வாய் கோணிக் கோணித் திறந்தது. "இ... இ..." இடது கையை விரித்தார், மூடினார், மேலே காட்டினார், கீழே காட்டினார். எதையோ சொல்ல முயன்றார். வார்த்தை வரவில்லை.

"யாருக்காக இத வாங்கினேன்? உங்கள வீட்டுல வச்சுக்கணும்னுதானே! உங்க கையாலயே கெடுத்துட்டீங்களே. இல்லத்துல கொண்டுபோய் விடறதுதான் உங்களுக்குச் சரி!"

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவள் காதில் விழுந்தது.

அவர் கை அப்படியே அந்தரத்தில் நின்றது. பிறகு மெல்ல இறங்கியது. மேஜையைப் பிடித்துப் பிடித்து நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு எதையும் சொல்ல முயலவில்லை.

ஞாயிறு முழுவதும் அவள் அலைந்தாள். ஜலாலுதீன் கடையில் பூட்டு. பக்கத்துக் கடையில், "அந்த மாடல் எங்களுக்குத் தெரியாது" என்றார்கள். திங்கள் காலை, அடித்த வரைக்கும் இருந்த ஃபிளாப்பியை எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போனாள். அங்கே மேற்பார்வை பார்த்த ரஷீதா என்ற பெண் நல்ல மாதிரிதான்.

"ஆன்ட்டி, உங்க டைப்பிங் ரொம்ப கிளீன். ஒரு மிஸ்டேக் இல்ல. ஆனா மெஷின் இல்லாம நான் எப்படி வேலை குடுக்கிறது? ரிப்பேர் பண்ணிட்டு வாங்க, நான் ட்ரை பண்றேன்."

ரிப்பேர் இன்னும் ஒரு வாரம் கழித்து. கட்டில் நாளை வரைக்கும்.

அவள் வாய்விட்டு எதையும் தீர்மானிக்கவில்லை. தீர்மானித்தது அவர். செவ்வாய்க்கிழமை காலை அவள் குளித்துவிட்டு வந்தபோது, சுவிசேஷமுத்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கதவருகே உட்கார்ந்திருந்தார். மடியில் துணிப்பை. பையில் இரண்டு கைலி, ஒரு துண்டு, ஜெபமாலை. பக்கத்தில் நின்ற ரத்தினம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னைக் கூப்பிட்டு கைய கையக் காட்டினாரு. அலமாரியத் தொறந்து விடச் சொன்னாரு. நான் என்ன செய்ய, பிலோமினா?"

"ஏங்க..." என்று ஆரம்பித்தாள்.

"சரி" என்றார் சுவிசேஷமுத்து. அவளைப் பார்க்காமல், அவளுக்குப் பின்னால் துணி போட்டு மூடி வைத்திருந்த பெட்டியைப் பார்த்தபடி.

இல்லத்து வாசலில் டாக்சி நிற்கும் வரை அவர் துணிப்பையை மடியிலிருந்து இறக்கவில்லை.

பெருநாள் முடிந்து, சாத்திய பதினோராவது நாள் ஜலாலுதீன் கடை திறந்தது. பிலோமினம்மாள் பெட்டியை மேஜையில் வைத்துவிட்டு, கேட்கும் முன்னாலேயே ஒப்புக்கொண்டாள்.

"தண்ணி பட்டுடுச்சு தம்பி. என் வீட்டுக்காரர் தெரியாம ஒரு பாட்டில் ஊத்திட்டாரு. எவ்வளவு ஆனாலும் சரி பண்ணிக் குடுங்க."

"ஒரு பாட்டிலா!" ஜலாலுதீன் தலையில் கை வைத்துக்கொண்டார். திருப்புளியை எடுத்து, நான்கு ஆணிகளைக் கழற்றி, மூடியைத் தூக்கினார். டார்ச் அடித்தார். உள்ளே ஊதினார். விரலை விட்டுத் தடவினார். நெற்றி சுருங்கியது.

"எங்க ஊத்தினாரு?"

"மேல. அந்த ஓட்டைல."

"அக்கா, இங்க பாருங்க." விரலை நீட்டினார். நுனியில் சாம்பல் நிறத் தூசி ஒட்டியிருந்தது. "ஒரு பாட்டில் தண்ணி உள்ள போயிருந்தா இந்தத் தூசி சேறாயிருக்கும். காஞ்சு திட்டுத் திட்டா ஒட்டியிருக்கும். பவுடர் மாதிரில்ல இருக்கு? ஒரு சொட்டு உள்ள போவல."

பிலோமினம்மாளுக்குப் புரியவில்லை. "அப்ப எப்படிக் கருகுச்சு?"

ஜலாலுதீன் மறுபடி திருப்புளியை எடுத்தார். பெட்டியின் மூலையிலிருந்து கரண்டு வாங்கிக் கொடுக்கும் தகரப் பகுதியைக் கழற்றித் திறந்தார். உள்ளே சுண்டுவிரல் அளவு ஒரு பாகம் பட்டாசு மாதிரி வெடித்துப் பிளந்திருந்தது.

"இதுதான்." அவர் குரல் இறங்கிவிட்டது. "இது பழசு. ஃபேன மாத்தினேன், ஸ்கிரீன சரி பண்ணேன், இத மட்டும் இன்னும் ரெண்டு வருஷம் தாங்கும்னு விட்டுட்டேன். ரெண்டு நாள் நிறுத்தாம ஓடினதும் சூடேறி வெடிச்சிருக்கு. நல்லாச் சத்தம் கேட்டிருக்கும், டப்புனு. அவரு பக்கத்துல நின்னாரா?"

பக்கத்தில்தான் நின்றார். கையில் பாட்டிலோடு. எப்போதும் போல முன்னாலிருந்து மூன்று துளி மட்டும் தெளித்திருக்கிறார். சரியாக அந்த நேரத்தில் அது வெடித்திருக்கிறது. திடுக்கிட்டுப் பாட்டிலைத் தரையில் விட்டிருக்கிறார். அதைத்தான் கையை விரித்து, மூடி, மேலேயும் கீழேயும் காட்டிச் சொல்லியிருக்கிறார். அவள் கேட்கவில்லை.

"அக்கா, தப்பு என்னோடது. காசு வேணாம், சாயந்தரத்துக்குள்ள புதுசு போட்டுத் தர்றேன். அக்கா? உக்காருங்க, தண்ணி குடிங்க."

அவள் உட்காரவில்லை. பஸ் நிறுத்தத்துக்கு ஓடினாள்.

இல்லத்தில் சிஸ்டர் அவளைத் தனியே நிறுத்தினார்.

"அமைதியாத்தான் இருக்காரு. ஒரு தொல்லையும் இல்ல. ஒண்ணுதான் எங்களுக்குப் புரியல. ஞாயித்துக்கிழமை பூசைல ஃபாதர் தீர்த்தம் தெளிச்சுக்கிட்டு வந்தாரு. இவரு கிட்ட வந்ததும் முகத்த மறைச்சுக்கிட்டு அழுதாரு. சேப்பல் வாசல்ல இருக்கற தீர்த்தத் தொட்டியிலயும் கை வைக்க மாட்டேங்கறாரு. கைய இழுத்துக்கறாரு. அவரு விசுவாசம் உள்ளவருதானே?"

பிலோமினம்மாள் தலையாட்டிவிட்டு உள்ளே நடந்தாள்.

வராந்தாவின் கோடியில் சுவிசேஷமுத்து உட்கார்ந்திருந்தார். அவள் தரையில் அமர்ந்து அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"தண்ணி உள்ள போகவே இல்லைங்க. கடைக்காரர் தொறந்து காட்டினாரு. அது பழைய சாமான், அதுவா வெடிச்சிருக்கு. நீங்க ஒண்ணும் பண்ணல. நான்தான்... நான்தான் வாய விட்டேன். கேக்குதா? நீங்க ஒண்ணும் பண்ணல."

அவர் கவனமாகக் கேட்டார். பிறகு இடது கையால் அவள் தலையைத் தடவினார், காய்ச்சல்காரக் குழந்தையைத் தடவுவது போல.

"சரி" என்றார்.

மனைவி தன்னைத் தேற்றுவதற்காக ஒரு பொய் சொல்லுகிறாள் என்றுதான் அவர் நினைத்தார். அது அவர் கண்ணிலேயே தெரிந்தது. அவள் இன்னும் இரண்டு முறை சொன்னாள். ஒவ்வொரு முறையும் அதே தடவல், அதே வார்த்தை.

ரஷீதா வாக்குத் தவறவில்லை. அடுத்த மாதமே வேலை கிடைத்தது. பிலோமினம்மாள் அலுவலகத்தில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு, கணவரை வீட்டுக்கு அழைத்து வந்தாள். ரத்தினம்மாகூட பாசிர் ரிஸ்ஸிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, "அண்ணன் திரும்பி வந்தாச்சு லா!" என்று கை தட்டினாள்.

அன்று பிலோமினம்மாள் கோயிலிலிருந்து புதிதாகப் பிடித்து வந்த தீர்த்தத்தை அவர் முன்னால் நீட்டினாள்.

"வாங்க. நீங்க தெளிச்சாத்தான் நான் ஸ்விட்ச் போடுவேன்."

சுவிசேஷமுத்து பாட்டிலைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். நன்றாக இருந்த ஒரே கையை மெல்ல எடுத்துத் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டார்.

கடைசியில் அவளே தெளித்தாள்.

அதன் பிறகு அவர் நாற்காலி சமையல்கட்டு வாசலுக்குப் போய்விட்டது, பெட்டியிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளிப் போட முடியுமோ அவ்வளவு தூரம். தினமும் காலை எட்டு மணிக்கு அவள் ஸ்விட்சைப் போடுவாள். விர்ரென்று ஃபேன் சுற்றும். அவர் கண்களை இறுக மூடிக்கொள்வார். பச்சை எழுத்து வந்துவிட்டது என்று அவள் குரல் கொடுக்கும் வரைக்கும் திறக்க மாட்டார்.

"வந்துடுச்சுங்க" என்பாள் பிலோமினம்மாள், ஒவ்வொரு நாளும்.