மிதிபடகுக்குச் சாமான்

ஆலிஸின் தம்பி லூயிஸ் மஸ்கட்டில் ஒரு கடலோர ஓட்டலில் வேலை பார்த்தான். அந்த ஓட்டல் 2007இல் தன் பழைய படகுகளைக் கழித்துக்கட்டியபோது, மாமாவுக்கு ஆகட்டுமென்று ஒன்றைக் கப்பலேற்றி ராயபுரத்துக்கு அனுப்பிவிட்டான். மஞ்சள் பிளாஸ்டிக் கயாக். ஒருவர்தான் உட்காரலாம். உட்கார்ந்தபடி காலால் மிதித்தால் அடியில் இருக்கும் இரண்டு தகடுகள் மீனின் செட்டை போல அசைந்து படகைத் தள்ளும். கை சும்மா இருப்பதால் தூண்டில் போடலாம்.

மாமா என்பது ஆலிஸின் கணவன் பிராங்கிளின். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிவிட்டு விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் இருந்தான். அதுவரை அவன் பிடித்த மீனெல்லாம் தட்டில் கிடந்த மீன்தான். அதனாலென்ன, படகு வந்த அன்றே அவன் மீனவனாகிவிட்டான்.

வாசலிலிருந்து சமையலறை வரை நீண்ட நடையில் படகை வைத்தார்கள். ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி முடித்துவரும் ஆலிஸ், சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் நடந்துதான் அடுப்புக்குப் போக வேண்டும். எப்போது தண்ணீரில் இறக்கப்போகிறாய் என்று கேட்டாள். படகு இன்னும் ரெடியாகவில்லை என்றான்.

அது எப்போது ரெடியாகும் என்பதைத் தீர்மானிக்கிற பொறுப்பைக் கோதண்டம் ஏற்றுக்கொண்டார். துறைமுகத்தில் பிராங்கிளினோடு வேலை பார்த்தவர். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து வெளிநாட்டுக்காரர்களின் படகுப் படங்களைப் பிரிண்ட் எடுத்து வருவார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து இவர்கள் வீடு திரும்புவதற்குள் வந்து காத்திருப்பார். தூண்டில் சொருக எத்தனை குழாய் வேண்டும் என்பதை முடிவு செய்யவே மூன்று ஞாயிறு போயிற்று. கடைசியில் ஆறு வைத்தார்கள். ஒரு மனுஷனுக்கு ஆறு தூண்டில் எதற்கு என்று ஆலிஸ் கேட்டதற்கு, அது ஒரு கணக்கு அண்ணி என்று கோதண்டம் சொன்னார். என்ன கணக்கென்று அவருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

பிறகு, தண்ணீருக்கடியில் மீன் எங்கே இருக்கிறதென்று திரையில் காட்டும் கருவி வந்தது. அதற்குக் கரண்டு வேண்டுமென்று ஒரு கார் பேட்டரி. ஓட்டல்காரன் கொடுத்த சீட்டில் முதுகு வலிக்குமாம். அதைக் கழற்றிவிட்டுப் பழைய அம்பாசடரின் சீட். பிடித்த மீனைப் போட ஐஸ் பெட்டி. வெயிலுக்குப் பெரிய குடை, அதை நட்டுவைக்க இரும்புக் கம்பி. எதிரே கப்பல் வந்தால் எச்சரிக்க ஒரு ஹாரன். அடித்தகடுகள் சின்னதாக இருக்கின்றன, வேகம் போதாது என்று லூயிஸுக்குப் போன் போட்டுப் பெரிய தகடுகள் வரவழைத்தார்கள். தண்ணீரையே பார்க்காத படகுக்கு எந்த வேகம் போதவில்லை என்று ஆலிஸுக்கு விளங்கவில்லை. அவளுடைய அப்பா ஒரு வலையும் ஒரு தூக்குவாளிச் சோறுமாகக் காசிமேட்டிலிருந்து கடலுக்குப் போய் வந்தவர். இவர்கள் இருவரும் டம்ளர் வைக்கும் வளையத்தை இடது பக்கம் வைப்பதா வலது பக்கம் வைப்பதா என்று காலையெல்லாம் பேசினார்கள்.

மழைக்காலமும் முடிந்தது. கடைசியில் ஒரு நாள் குட்டி யானை வண்டியில் படகை ஏற்றி எண்ணூர் கழிமுகத்துக்குக் கொண்டுபோனார்கள். வேடிக்கை பார்க்கத்தான் ஆலிஸ் கூடப்போனாள். அதை அவள் மறைக்கவும் இல்லை.

கரையில் தங்கபுஷ்பம் என்று ஒருத்தி, சின்ன ஃபைபர் படகில் இறால் வலையை உதறிக்கொண்டிருந்தாள். பிராங்கிளின் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாகக் கார் சீட்டில் ஏறி உட்கார்ந்து குடையை விரித்ததும் அவள் வலையை வைத்துவிட்டாள்.

"இன்னா மாமு, கல்யாண ஊர்வலமா?" என்றாள்.

பிராங்கிளின் காதில் வாங்கவில்லை. மிதித்தான். விளிம்பு வரை தண்ணீரில் அமிழ்ந்த படகு மெல்ல நகர்ந்தது. கோதண்டம் கைதட்டினார். நடு ஆற்றுக்குப் போனபோது காற்று குடையைப் பிடித்து இழுத்தது. படகு அவன் மிதித்த திசையை விட்டுக் குடை சொன்ன திசையில் போயிற்று. அந்தப் பக்கம் சாம்பல் சேறு படிந்து ஆழமே இல்லாத இடம். தண்ணீர் வற்றுகிற நேரம் வேறு. பெரிய தகடுகள் சேற்றில் குத்தி நின்றன. அவன் மிதிக்க மிதிக்க இன்னும் ஆழமாக இறங்கின. ஹாரன் அடித்தான்.

இறங்கித் தள்ளு என்று கோதண்டம் கத்தினார். தங்கபுஷ்பம் சிரிப்பை நிறுத்தினாள். அங்கே கால் வைத்தால் இடுப்பு வரை இழுக்கும், எடுக்க முடியாது என்றாள்.

அப்போதுதான் ஆலிஸுக்கு உறைத்தது. பிராங்கிளினுக்கு நீச்சல் தெரியாது. இத்தனை மாதம் இத்தனை சாமான் பார்த்துப் பார்த்து வாங்கினார்கள். ஒரு லைஃப் ஜாக்கெட் வாங்க ஒருவருக்கும் தோன்றவில்லை. நமக்கும்தானே தோன்றவில்லை என்று நினைத்தாள். சிரிக்க வந்தவள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தங்கபுஷ்பத்தின் படகில் ஏறினாள்.

தங்கபுஷ்பம் மூங்கில் கழியை ஊன்றித் தள்ளிக்கொண்டு போய்ப் பக்கத்தில் அணைத்தாள். பிராங்கிளினின் முகம் வெளுத்திருந்தது.

"சாமான எடுத்துக் குடு," என்றாள் ஆலிஸ்.

"பேட்டரி வேணாம் ஆலிஸு, ஒயரிங் பண்ணிகீது."

"ஒயரிங்க நான் பாத்துக்கறேன். குடு."

குடை வந்தது. ஐஸ் பெட்டி வந்தது. ஒயர்களை அவளே பிடுங்கிப் பேட்டரியை வாங்கினாள். மீன் காட்டும் கருவி கடைசி வரைக்கும் மீன் இருப்பதாகக் காட்டிவிட்டு அணைந்தது. பிறகு பிராங்கிளினின் தோளைப் பிடித்து இந்தப் படகுக்கு இழுத்தாள். கயாக் அசைந்து மேலே எழும்பியது.

அதைக் கட்டி இழுக்கக் கயிறு இல்லை. எல்லாம் வாங்கியவர்கள் அதையும் வாங்கவில்லை. தங்கபுஷ்பத்தின் படகிலோ இனி இடமில்லை. ஆலிஸ் கயாக்கில் ஏறி உட்கார்ந்தாள். ஒரு பெடலை முழுக்க முன்னால் தள்ளிப் பார்த்தாள். தகடுகள் மடங்கி அடிப்பலகையோடு ஒட்டிக்கொண்டன. தங்கபுஷ்பம் கழியால் ஒரு தள்ளு தள்ளி ஆழத்தில் விட்டதும் மிதித்தாள்.

வார்டில் வருஷக்கணக்காக நின்ற கால்கள் அவை. உட்கார்ந்தபடி அவற்றுக்கு இப்படி ஒரு வேலை இருக்குமென்று அவள் நினைத்ததில்லை. படகு சத்தமில்லாமல் போயிற்று. கரைக்குப் போக வேண்டியவள், தொலைவில் தெரிந்த பாலத்தைப் பார்த்துத் திருப்பினாள். பின்னால் பிராங்கிளின் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. பாலம் வரை போய், அதன் நிழலில் கொஞ்ச நேரம் சும்மா மிதந்துவிட்டுத்தான் திரும்பினாள்.

கரையில் கோதண்டம், பிழையெல்லாம் தகட்டில்தான், நடு சைஸ் போட்டால் சரியாகிவிடும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். ஆலிஸ் அவரிடம் ஸ்பேனரை வாங்கி, அங்கேயே உட்கார்ந்து தூண்டில் குழாய்களைக் கழற்ற ஆரம்பித்தாள். அவர் அடுத்த ஞாயிறு வருவதாகச் சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்கப் போனார்.

திரும்பும்போது வண்டியின் பின்பக்கம், சாமான்களுக்கு நடுவே இருவரும் உட்கார்ந்துவந்தார்கள். திருவொற்றியூர் தாண்டியதும் பிராங்கிளின் படகைத் திரும்பிப் பார்த்தான். பிறகு, "வித்துடலாமா?" என்றான்.

"நீ வாங்கனத வித்துக்கோ. படக வுடு."

"உனுக்கு எதுக்கு அது?"

"புடிச்சிகீது," என்றாள் ஆலிஸ்.

அவன் சிரிப்பானென்று பார்த்தாள். அவன் சிரிக்கவில்லை. மறுநாளே பஜாருக்குப் போய் இரண்டு லைஃப் ஜாக்கெட் வாங்கிவந்தான். ஒருவர் மட்டும் உட்காரும் படகுக்கு இரண்டு ஜாக்கெட் எதற்கு என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. கேட்காமல் சின்னதை எடுத்துப் போட்டுப் பார்த்தாள். சரியாக இருந்தது.