நெருப்பை மூடும் மணி

"சாயங்கால மணி அடிச்சா நெருப்பை ஏம்மா மூடணும்?" என்று பழங்கால இங்கிலாந்துக் கிராமம் ஒன்றில் ஹாவிஸிடம் அவள் மகள் ஒருமுறை கேட்டாள்.

"அதான்டி கர்ஃப்யூ. 'நெருப்பை மூடு'ன்னு பிரபுமார் பிரெஞ்சுல சொன்னது, நம்ம வாயில இப்படி ஆயிடுச்சு. கூரையெல்லாம் வைக்கோலாச்சே."

அப்படிச் சொன்னவளே, அறுவடைக் களைப்பில் ஒரு மாலை அடுப்பை மூடாமல் உறங்கிவிட்டாள். இரண்டு வீடுகள் எரிந்தன. பக்கத்து வீட்டுக்காரி மாட் என்பவளின் கணவன் உள்ளேயே இறந்துபோனான்.

இருவரும் மறுபடி குடிசை போட்டுக்கொண்டார்கள். ஆனால் அந்தக் குளிர்காலத்தில் ஹாவிஸுக்கு யாரும் அடுப்பு மூட்டக் கங்கு தரவில்லை.

"உனக்குக் கங்கு குடுத்தா மிச்ச ஊரையும் கொளுத்திருவே" என்றாள் கிணற்றடியில் ஒருத்தி.

கடைசியில் தந்தவள் மாட்தான். ஹாவிஸின் முகத்தைப் பார்க்காமலே கங்குச் சட்டியை நீட்டினாள்.

"எப்படிக்கா உனக்கு மனசு வருது?"

"வரலடி. குழந்தை குளிர்ல நடுங்குதே, கொண்டு போ."

தவக்காலத்தில் மாட் காய்ச்சலில் விழுந்தாள். ஒரு மாலை கர்ஃப்யூ மணி ஓய்ந்த பிறகும் அவள் குடிசைக்குள் வெளிச்சம் தெரிந்தது. ஹாவிஸ் ஓசையில்லாமல் உள்ளே போனாள். மாட் காய்ச்சல் மயக்கத்தில் நினைவின்றிக் கிடந்தாள்; அடுப்பு மூடாமல் எரிந்துகொண்டிருந்தது. ஹாவிஸ் கங்குகளைச் சாம்பலால் போர்த்தி, மண்மூடியைக் கவிழ்த்தாள். சிலுவைக்குறி இட்டுக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு வீடு திரும்பினாள்.