நெஞ்சில் வைத்த ரிசீவர்

சண்டையால் படகு ஓடாத நாட்களில், கிண்ணியாச் சனம் என் தொலைபேசிக் கடையிலிருந்துதான் திருகோணமலை டொக்டர்மாரிடம் நோய் வருத்தம் சொன்னது. பெரிய படிப்புப் படித்த அருளானந்தம் ஒரு நிமிடத்தில் மருந்தைச் சொல்லிவிடுவார், அழைப்புச் செலவும் குறைவு. ஆனால் எல்லோரும் டொக்டர் நவரத்தினத்தையே கேட்டார்கள். அவர், "ரிசீவரை நெஞ்சில வைங்கோ, மூச்சை இழுங்கோ" என்பார்.

"இவர்தான் சோதிச்சுப் பாக்கிறார்" என்று இரட்டிப்புக் காசைச் சிரித்தபடி கட்டிவிட்டுப் போவார்கள். என் கடைக்கு லாபம்தான். என்றாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருநாள் நானே அவரை அழைத்தேன்.

"உண்மையச் சொல்லுங்க டொக்டர், ஏதும் கேக்குதா?"

"ஒண்டும் கேளாது, றுக்கியா. ஆனா அந்த நேரந்தான் அவை பயத்தை விட்டுட்டு ஆறுதலா மூச்சு விடுகினம்."

"ஊரை ஏமாத்துறீங்க!" என்று ரிசீவரை அடித்து வைத்தேன்.

மறுவாரம் கடைக்குக் கிட்ட ஷெல் விழுந்தது. அதன்பிறகு என் நெஞ்சுப் படபடப்பு அடங்கவேயில்லை. அருளானந்தத்தின் எண்ணைச் சுழற்றத் தொடங்கிய விரல் பாதியில் நின்றது. நவரத்தினத்தை அழைத்தேன். அவர் வாய் திறக்குமுன்பே ரிசீவரை நெஞ்சில் அழுத்திக்கொண்டு கத்தினேன்: "நல்லாக் கேளுங்க டொக்டர்!"