ஆறங்குலத் தட்டு

கிளெம் வைத்திருந்த தட்டு பதினெட்டு அங்குலம். அதை மெஷினில் மாட்டி அவன் தரைமேல் ஒரு வீசு வீசினால், சுற்றுவட்டாரத்தில் தங்கப்பல் கட்டியவர்களுக்கெல்லாம் பல் கூசும் என்று முகாமில் சொல்வார்கள். அது மிகை. எங்கள் முகாமில் தங்கப்பல் இருந்தது எனக்கு ஒருவனுக்குத்தான். எனக்குக் கூசியதில்லை. லேசாக ஆடியது, அவ்வளவுதான்.

மெஷின் என்றால் தங்கம் தேடுகிற டிடெக்டர். நீளமாக ஒரு கம்பு, காதுக்கு ஹெட்போன், கம்பின் நுனியில் வட்டமாக ஒரு காயில். அந்தக் காயிலைத்தான் நாங்கள் தட்டு என்போம். பெரிய தட்டு ஆழமாகப் பார்க்கும். ஆனால் பெரியதை மட்டும்தான் பார்க்கும். சின்னத் தட்டுக்கு ஒரு சாணுக்குக் கீழே கண் தெரியாது. ஆனால் அந்த ஒரு சாணுக்குள் குருணை அளவு தங்கம் கிடந்தாலும் விடாது. லியோனோரா ஊருக்கு வடக்கே முல்காப் புதர்க்காட்டில், குளிர்காலம் முழுக்க கேரவனைப் போட்டுக்கொண்டு கிடக்கிற எங்களைப் போன்ற கிழங்களுக்குள் மதச்சண்டை கிடையாது. கட்சிச்சண்டை கிடையாது. தட்டுச்சண்டை மட்டும் உண்டு.

கிளெமின் பெண்டாட்டி மேவிஸ் வைத்திருந்தது ஆறு அங்குலம். நாங்கள் சாஸர் என்போம். கிளெம் தன் வண்டிச்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு காலையில் கிளம்பினால் கண்ணுக்கெட்டாத தூரம் போய்விடுவான். மேவிஸ் ஒரு கேரவன் அகலத்துக்கு இடத்தை எடுத்துக்கொண்டு, பருப்பில் கல் பொறுக்குகிறவள் மாதிரி, அன்று முழுவதும் அதிலேயே நிற்பாள். சாயங்காலம் இரண்டு பேரும் திரும்பிவந்து கணப்பைச் சுற்றி உட்கார்வார்கள். கிளெம்தான் ஆரம்பிப்பான்.

"என்ன மேவிஸ், இன்னைக்குக் கோழிக்குத் தீனி தேறிச்சா?"

மேவிஸ் சட்டைப்பையிலிருந்து சின்னக் குப்பியை எடுத்து ஆட்டிக் காட்டுவாள். அடியில் நாலைந்து மஞ்சள் குருணை கிலுகிலுக்கும்.

"தேறிச்சு. உன் சக்கரத்துல என்ன மாட்டிச்சு?"

"இன்னைக்கு இல்ல. நாளைக்கு."

"நாளைக்கு, நாளைக்குன்னு நீ சொன்னதைச் சேத்து வெச்சிருந்தாலே ஒரு கட்டி ஆயிருக்கும்."

கிளெமுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. குதிரை லாடம் கிடைத்தது. பழைய சுரங்கக்காரர்கள் விட்டுப்போன கடப்பாரை கிடைத்தது. ஒருமுறை ஆள் உயரத்துக்குப் பள்ளம் பறித்து முழு இரும்பு அடுப்பு ஒன்றையே வெளியே எடுத்தான். நல்ல அடுப்பு. உள்ளே ரொட்டி இருந்தது, இன்னும் வேகவில்லை.

மேவிஸ் தன் குருணைகளை விற்கவே இல்லை. பல குளிர்காலமாகச் சேர்த்து, கல்கூர்லியில் ஒரு பத்தரிடம் கொடுத்து, நூல் மாதிரி மெல்லிசாக ஒரு சங்கிலி செய்துகொண்டாள். கழுத்தில் போட்டுக்கொண்டு என் கேரவன் வாசலுக்கு வந்து காட்டினாள்.

"எப்படியிருக்கு பெர்சி?"

"எங்க இருக்கு? கண்ணாடிய எடுத்துட்டு வரேன் இரு."

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "என் கல்யாண மோதிரம் அவன் வாங்கினது, கேரவன் அவன் வாங்கினது, இந்தச் சட்டைகூட அவன் அம்மா போட்டுக் கழிச்சது. நானே மண்ணுல குனிஞ்சு எடுத்து நானே போட்டுக்கிட்டது இது ஒண்ணுதான்" என்றாள். அதற்குமேல் எனக்குக் கேலி வரவில்லை. எனக்கே கேலி வராதது அரிது.

தேடப்போகும்போது எங்களில் யாரும் உடம்பில் உலோகம் வைத்துக்கொள்ள மாட்டோம். மண்ணுக்குள் கை விடுகிறபோது மோதிரத்தைப் பார்த்து மெஷின் கத்தும். கழுத்துச் சங்கிலி முன்னால் தொங்கினால் சின்னத் தட்டு கத்தும். கிளெம் பெல்ட்டுக்குப் பதில் கயிறுதான் கட்டுவான். முகாமுக்குப் பக்கத்தில் ஒரு முல்கா மரம், அதில் முறிந்த கிளை ஒன்று. மோதிரம், கடிகாரம் எல்லாவற்றையும் அதில் மாட்டிவிட்டுப் போவோம். அந்தக் கிளைக்கு நகைக்கடை என்று பெயர். அதிலிருந்து ஒரு பொருள் திருடு போனதில்லை. அடுத்தவன் தங்கத்தைக் கனவில் எடுப்பவன்கூட அந்தக் கிளையில் கை வைக்க மாட்டான்.

அந்தக் குளிர்காலத்தில், ஆகஸ்டில் ஒருநாள், ஆளில்லாத நேரத்தில் சூறை ஒன்று முகாமுக்குள் புகுந்து சுழன்றுவிட்டுப் போனது. என் காலுறைகளைக் கொண்டுபோனது. கிளெமின் நல்ல கால்சட்டையைக் கொண்டுபோனது. என் வாணலியையும் கொண்டுபோய், பிடிக்காமல் மறுநாள் திருப்பிக் கொண்டுவந்து போட்டது. நகைக்கடையில் மேவிஸின் மோதிரம் கிளையோடு ஒட்டி இருந்தது. சங்கிலியைக் காணோம்.

மேவிஸ் மரத்தடியில் நின்று கிளையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கிளெம் வந்தான், பார்த்தான், சிரித்தான்.

"போனா போவுது விடு. கோழித் தீனிதானே."

அவள் கிளையிலிருந்து மோதிரத்தை எடுத்துவந்து, நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்த மடக்கு மேசையில் அவன் முன்னால் வைத்தாள். உள்ளே போய்த் தன் மெஷினிலிருந்து சாஸரைக் கழற்றிக்கொண்டு வந்து மோதிரத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"வியாழக்கிழமை பண்ணையிலேர்ந்து தண்ணி வண்டி வரும்ல?"

"வரும். எதுக்கு?"

"அதுல ஏறி டவுனுக்குப் போயி, அங்கேர்ந்து ஆல்பனியில என் தங்கச்சி வீட்டுக்குப் போறேன். அதுக்குள்ள என் சங்கிலியத் தேடி என் கையில குடுத்தா, போகல."

"ஏய், என்னது இது? நீயே தேடேன். நீதான் பெரிய குருணை மகாராணியாச்சே."

"நான் தேடினா கிடைச்சுடும் கிளெம். அது எனக்கு வேணாம். நீ குனிஞ்சு தேடணும். சாஸர் உன் மெஷினுக்கும் சேரும்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "பெர்சி, நீ இதுல தலையிடாத."

அடுத்தவர் தங்களுடையது என்று குறியடித்த இடத்தில் அவர்கள் கூப்பிடாமல் மெஷினைத் தூக்கக்கூடாது என்பது எங்களுக்குள் உள்ள கட்டு. அவள் கூப்பிடவில்லை, வராதே என்றும் சொல்லிவிட்டாள். நான் டீயைக் குடித்தேன்.

மறுநாள் காலை கிளெம் வெளியே வந்தபோது அவன் மெஷினில் இருந்தது பதினெட்டு அங்குலம். சாஸர் மேசைமேலேயே கிடந்தது, பனி ஈரத்தோடு.

"யோவ், அதை விட்டுட்டு இதை எதுக்குத் தூக்கிட்டு வரே?" என்றேன்.

"டீ குடிக்கிற சாஸர வெச்சுக்கிட்டு நான் காட்டுல அலையறதை நாலு பேர் பாக்கணுமா? இது அதைவிட மூணு மடங்கு அகலம். மூணு மடங்கு சீக்கிரம் முடியும். இரு, சோதிச்சே காட்டறேன்."

மேவிஸ் வைத்த மோதிரத்தை எடுத்தான். மரத்தடியில் தரையில் போட்டு மண்ணைக் காலால் தள்ளி மூடினான். மேலே தட்டை வீசினான். மெஷின் ஆம்புலன்ஸ் மாதிரி ஊளையிட்டது. கிளெம் ஹெட்போனைக் கழற்றி என் காதுக்கு நேராகப் பிடித்தான்.

"கேட்டியா கிழவா? தங்கம்னா தங்கம்."

"மோதிரம் கத்தும்டா. அது முழு வளையம், கனமா வேற இருக்கு. இவ்வளவூண்டு சங்கிலி அப்படியில்ல. அது எவ்வளவு நீளமா இருந்தாலும் மெஷினுக்குச் சங்கிலின்னு தெரியாது. ஒவ்வொரு கண்ணியாத்தான் தெரியும். ஒரு கண்ணி கடுகைவிடச் சின்னது. உன் தட்டு அதுக்கு மேல நின்னு டான்ஸ் ஆடினாலும் மூச்சு விடாது."

"நீ சொல்றே."

"நான்தான் சொல்றேன்."

"ஈமு கோழி தங்கக்கட்டிய முழுங்கிடுச்சுன்னு அது பின்னாடி மென்சீஸ் ஊர் வரைக்கும் நடந்தேன்னு சொன்னதும் நீதானே?"

அது உண்மை. நடந்தது உண்மை என்று சொல்லவில்லை, சொன்னது உண்மை. ஐம்பது வருஷமாக இந்த முகாமில் நான் சொன்ன ஒன்றையும் யாரும் நம்பியதில்லை, அது எனக்குப் பெருமையாகவும் இருந்தது. அன்று காலை மட்டும் இருக்கவில்லை.

கிளெம் மோதிரத்தைத் தோண்டி எடுத்துக் கிளையில் மாட்டிவிட்டுத் தேட ஆரம்பித்தான். மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான். சூறை போன திசையில் வரிவரியாக நடந்தான். குறை சொல்லக்கூடாது, ஒழுங்காகத்தான் நடந்தான். ஒரு வரி முடிந்த இடத்தில் செருப்பால் கோடு கிழித்து அடுத்த வரியைப் பிடித்தான். அவன் கால்சட்டையின் பித்தளைக் கொக்கி கிடைத்தது. மேவிஸ் கேரவனுக்குள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஜன்னலிலிருந்து பார்த்தால் தட்டு எது என்று தெரியும். ஒருமுறை திரையை விலக்கிப் பார்த்தாள். பிறகு பெட்டியை மூடுகிற சத்தம் கேட்டது.

அன்று மாலை மேசைமேல் கிடந்த சாஸரை எடுத்து அவன் மெஷினில் நானே மாட்டிவிடலாமா என்று நினைத்தேன். மேவிஸ் என் கையைப் பார்த்தாள். கையை எடுத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை, நகைக்கடை மரத்தின் வேருக்குப் பக்கத்தில் கிளெம் நின்றுவிட்டான். தட்டை ஒருமுறை வீசினான். இன்னொருமுறை. ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டான். முகம் மாறிவிட்டது. எனக்கு அந்த முகம் தெரியும். ரொம்ப ஆழத்திலிருந்து வருகிற சத்தம் கத்தாது. தூங்குகிறவன் மூச்சு மாதிரி ஏறி இறங்கும். சங்கிலிக்கு அப்படிச் சத்தம் வராது. அது அவனுக்கும் தெரியும்.

கடப்பாரையை எடுத்தான்.

"யோவ் கிளெம், நீ தேடறது மேல்மண்ணுலதான் கிடக்கும். அடியில இல்ல" என்று கத்தினேன்.

அவன் காதில் ஹெட்போன் இருந்தது. மேல்மண்ணை வாரிப் பின்னால் எறிந்தான். சருகு, தூசி, சுள்ளி எல்லாவற்றையும் வாரி எறிந்தான். பிறகு சிவந்த கெட்டிமண். முட்டி ஆழம், இடுப்பு ஆழம். தண்ணி வண்டி வந்து நின்று, டிரைவர் தொட்டிக்குக் குழாய் மாட்டினான். மேவிஸ் பெட்டியோடு வெளியே வந்து கேரவன் படியில் உட்கார்ந்தாள். மூன்று பேரும் அந்தப் பள்ளத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பள்ளத்துக்குள்ளிருந்து முதலில் ஒரு சத்தம் வந்தது. அழுகையா சிரிப்பா என்று சொல்ல முடியாத சத்தம். அப்புறம் ஒரு கை வந்தது. கையில் நாய் கடித்துப்போட்ட உருளைக்கிழங்கு மாதிரி ஒன்று. அதைப் பற்றி நான் பொய் சொல்லத் தேவையில்லை. கிளெமின் ஒரு கைக்குள் அது அடங்கவில்லை.

மண்ணும் சளியுமாக ஓடிவந்து அவள் மடியில் வைத்தான்.

"பாத்தியா மேவிஸ்! பாத்தியா! நாளைக்கு நாளைக்குன்னு சொன்னேன்ல! நாளைக்கு வந்துடுச்சு!"

அவள் அதைத் தொட்டுப் பார்த்தாள். அழகாகத்தான் இருந்தது, அவளும் அதை மறைக்கவில்லை.

"சங்கிலி எங்க கிளெம்?"

"அட, சங்கிலியா! இதுல நூறு சங்கிலி செய்யலாம்டி! கழுத்து வலிக்கற அளவுக்குச் செஞ்சு போடறேன்!"

எங்கள் பக்கம் பெரிய கட்டி கிடைத்தால் அதற்குப் பெயர் வைப்பது வழக்கம். கப்பலுக்கு வைப்பது மாதிரி. கிளெம் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான்.

"இதுக்கு மேவிஸ்னு பேரு வெக்கப்போறேன்."

"என் பேரை வெக்காத" என்றாள் அவள்.

கட்டியைப் படிமேல் வைத்துவிட்டு எழுந்தாள். மேசையிலிருந்து சாஸரை எடுத்தாள். பெட்டிக்குப் பக்கத்தில் கட்டி வைத்திருந்த தன் மெஷினை அவிழ்த்து, சாஸரை மாட்டித் திருகினாள். நிதானமாக நடந்து கிளெம் எறிந்த மண்மேட்டுக்குப் போனாள். தண்ணி வண்டிக்காரன் தொட்டி நிறைந்தும் குழாயைக் கழற்றாமல் நின்றான்.

சாஸர் மண்ணைத் தொட்டது. எறும்பு இருமுவது மாதிரி ஒரு சத்தம். குனிந்தாள். கைநிறைய மண்ணை அள்ளி, பாதியை விட்டு, மீதியைத் தட்டுக்கு மேலே ஆட்டி, அதிலும் பாதியை விட்டு, கடைசியில் உள்ளங்கையைப் பார்த்தாள். விரல் நீளத்துக்குச் சங்கிலித் துண்டு. மரத்தடியிலேயே கிடந்திருக்கிறது. கடப்பாரை நறுக்கியிருக்கிறது. இன்னொரு துண்டு. இன்னொன்று. தனித்தனிக் கண்ணிகள். ஒவ்வொன்றாகக் குப்பியில் போட்டாள். நடுவில் இரண்டு குருணையும் வந்தன, சூறை கொண்டுவந்ததல்ல, ஆதியிலிருந்தே அங்கே கிடந்தவை. கிளெம் அத்தனை வருஷமாக அந்த மரத்தடியில்தான் டீ குடித்தான்.

அவள் திரும்பி வந்து அந்த இரண்டு குருணையையும் அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"கோழிக்குப் போடு" என்றாள்.

"மேவிஸ், நான் தேடினேன்ல? மூணு நாளா நடந்தேன்ல?"

"தேடினே. உன்னோடதைத் தேடினே." என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். "வரேன் பெர்சி. பல்லைப் பாத்துக்கோ."

வண்டி கிளம்பிப்போன தூசி அடங்க வெகுநேரம் ஆனது.

கட்டியை டவுனுக்குக் கொண்டுபோனோம். மதுக்கடையில் எல்லோரும் தூக்கிப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். கிளெமை ஒருவரும் பீர் வாங்க விடவில்லை, அவரவர் வாங்கிக் கொடுத்தார்கள். பெயர் என்ன என்று எல்லோரும் கேட்டார்கள். "இன்னும் வெக்கல" என்றே சொல்லிக்கொண்டிருந்தான். கட்டியை விலைக்கு வாங்கியவனும் கேட்டான். அவனிடமும் அதையே சொன்னான். பெயரில்லாமலே போய் உருகிவிட்டது.

அடுத்த குளிர்காலம் கிளெம் தனியாக வந்தான். அவன் மெஷினில் புதிதாக ஒரு தட்டு. ஆறு அங்குலம். நேராக நகைக்கடை மரத்துக்குப் போய் அந்தப் பழைய மண்மேட்டில் குனிந்தான். பையிலிருந்து மேவிஸ் விட்டுப்போன மோதிரத்தை எடுத்து முறிந்த கிளையில் மாட்டிவிட்டுத்தான் குனிந்தான். அதை மறக்கவில்லை.

"அங்க என்னத்தடா தேடறே?"

"ஒரு கண்ணியாவது விட்டிருப்பா. கிடைச்சா ஆல்பனிக்கு எடுத்துட்டுப் போவேன்."

மேவிஸ் பார்த்துவிட்டுப் போன மண்ணில் கண்ணி அல்ல, கண்ணியின் நிழல்கூட இருக்காது. அது முகாமில் எல்லோருக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும்.

"இருக்கும் இருக்கும். நல்லாப் பாரு" என்றேன்.

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நான் சொல்லி அவன் நம்பிய முதல் விஷயம் அதுதான்.